கறுத்த பதக்கம்

சனிக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வினாயகமூர்த்தி பதக்கத்தை வெளியே கொண்டுவந்தார்.

கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் சீனித்தம்பி, கலியாண நாளைப் பேசிக்கொண்டு போக வெல்லாவெளியிலிருந்து வந்திருந்தார். சாதகப் பொருத்தம் போன மாதமே பார்த்து முடிந்தது. பத்தில் எட்டு. நாள் வைப்பது மட்டும்தான் மிச்சம். சீனித்தம்பி முறுக்கை ஒடித்து ஒடித்துத் தின்றுகொண்டிருந்தார். பேச்சு சற்று நின்றது. பேச்சு நின்றால் வினாயகமூர்த்திக்குத் தாங்காது.

"இதையும் ஒருக்காப் பாருங்க தம்பி," என்றார்.

தட்டில் சிவப்புக் கடதாசி. அதன்மேல் பதக்கம். புளியங்கொட்டை அளவில் ஒரு கல். கறுப்பு. சுற்றிவரத் தங்கம், பின்பக்கமும் தங்கத்தால் மூடியிருந்தது.

"புஸ்பத்திட தாய் வழி. தாய்க்குப் பிறகு மூத்த மகளுக்கு. வீடும் இதும் சேந்துதான் போகும். இனிக் கம்சாயினிக்கு."

"என்ன கல்லு, அண்ணன்?"

இந்தக் கேள்விக்கு வினாயகமூர்த்தி முப்பத்திரண்டு வருடமாகப் பதில் சொல்லி வருகிறார்.

"நீலம். இரத்தினபுரி நீலம். கடும் நீலம் எண்டபடியாத்தான் கறுப்பாத் தெரியுது. கொழும்பில இருந்து ஒருத்தன் தேடி வந்து கேட்டவன். வாசலாலயே திருப்பி அனுப்பிட்டன்."

உள்ளே நின்ற புஸ்பம் கதவுச்சீலையை விலக்கிக் கணவரைப் பார்த்தார். போன தடவை சொன்னபோது அந்த ஆள் கண்டியிலிருந்து வந்திருந்தான்.

சீனித்தம்பி முறுக்குத் துண்டைத் தட்டில் வைத்தார். பதக்கத்தைத் தொடவில்லை. கதிரையை ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"மறுகாக் கதைக்கிறன் அண்ணன்," என்று எழுந்து போனார். நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தொலைபேசியில் சொன்னார்.

"குறை நினைக்கப்படாது அண்ணன். எங்கட மருமகனுக்கு எட்டில சனி. நீலம் சனியிட கல்லு. சேராத ஆளெண்டா விடாது."

"அவர் போடப்போறல்லையே தம்பி. பொம்பிளைப் பிள்ளை போடுற பதக்கம்."

"போடத் தேவையில்ல. அது இரிக்கிற வீட்டில படுத்தெழும்பினாக் காணும். நம்மட பகுதியில மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டுக்கு வாறது."

அதை வினாயகமூர்த்திக்குச் சொல்லத் தேவையில்லை. அவரும் ஒரு சூட்கேசோடு அப்படித்தான் இந்தப் புளியந்தீவு வீட்டுக்கு வந்தார். வீடு புஸ்பத்தின் வீடு. கிணறு புஸ்பத்தின் கிணறு. பதக்கம் புஸ்பத்தின் பதக்கம். அது நீலம் என்பது மட்டும் வினாயகமூர்த்தியுடையது.

"ஒண்டு, அந்தப் பதக்கம் வீட்டை விட்டுப் போகணும்," என்றார் சீனித்தம்பி. "இல்லாட்டி இந்தப் பேச்சை விடுவம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வருவதில்லை. அதுதான் பயம்.

கம்சாயினி அன்று பின்னேரம் வேலையால் வந்ததும் விடயத்தைச் சொன்னார்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வெல்லாவெளிப் பிரதேச செயலகத்தில் அவளுடைய மேசைக்கு எதிர் மேசை மாப்பிள்ளை யதுர்ஷனுடையது. நாலு வருடமாக அவர்கள் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். அதைப் பேச்சுக் கலியாணமாக மாற்ற அவளுக்கு ஒரு வருடம் எடுத்தது. தரகருக்கு இரண்டு பக்கத்து விலாசத்தையும் கொடுத்தது அவள்தான்.

"அவர் என்ன சொல்றார்?" என்று புஸ்பம் கேட்டார்.

"தனக்கு இதில நம்பிக்கை இல்லையாம்."

"அப்ப என்ன?"

"மாமாவில நம்பிக்கையாம்."

புஸ்பம் பதக்கத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இதை வெளிய குடுக்கிறதுக்கு நான் ஆளில்ல. அம்மம்மா அம்மாக்குக் குடுத்தது. அம்மா எனக்குக் குடுத்தது. இது இல்லாமப் பிள்ளையை மணவறையில வெச்சா, வித்துத் திண்டுட்டாங்க எண்டுதான் ஊர் சொல்லும்."

"நான் என்ன செய்யிற?" என்றார் வினாயகமூர்த்தி.

"அம்மா இதைக் கறுத்த பதக்கம் எண்டுதான் சொல்லுவா. நீலமாக்கினது நீங்க. நீங்களே திருப்பிக் கறுப்பாக்குங்க."

அவர் சீனித்தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். முற்றத்துக்குப் போய், தென்னையடியில் நின்று பேசினார்.

"தம்பி, உண்மையைச் சொல்றன். அது நீலமோ என்னவோ எனக்குத் தெரியா. சும்மா சொன்னது."

"பிள்ளைக்காக இப்பிடியும் சொல்றீங்க. நல்ல தகப்பன் அண்ணன் நீங்க."

"இல்ல தம்பி, உண்மையா."

"நான் ஊருக்குள்ள விசாரிச்சனான். சலூன்காரர், கோயில் பொருளாளர், மருந்துக்கடைக்காரர். மூண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்றாங்க. இரத்தினபுரி நீலம். கொழும்பில இருந்து ஆள் வந்து கேட்டதாம். வாசலால திருப்பி அனுப்பினதாம்."

அந்த மூன்று பேருக்கும் சொன்னவர் வினாயகமூர்த்தி.

"ஆரும் கல்லுத் தெரிஞ்ச ஆள் நீலம் இல்லையெண்டு சொல்லட்டும்," என்றார் சீனித்தம்பி. "அப்ப நான் நம்புறன்."

முதலில் வீட்டில் பார்த்தார்கள். நல்ல நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்று வினாயகமூர்த்தி எங்கோ கேட்டிருந்தார். புஸ்பம் ஒரு கோப்பையில் பால் ஊற்றினார். பதக்கத்தை இறக்கினார்கள். மூன்று தலைகள் குனிந்தன.

"நீலம் மாதிரித்தான் கிடக்கு," என்றார் புஸ்பம்.

"எங்க?"

"ஓரத்தில."

"அம்மா, கோப்பை நீலம்," என்றாள் கம்சாயினி.

எவர்சில்வர் பேணிக்கு மாற்றினார்கள்.

"இப்ப?"

"இப்ப பால் மாதிரி இரிக்கி."

அடுத்தது ஊதிப் பார்ப்பது. மெய்யான கல்லில் மூச்சுப்புகை சீக்கிரம் மறையும். வினாயகமூர்த்தி ஊதி இரண்டு என்று எண்ணினார். புஸ்பம் ஊதி நாலு என்று எண்ணினார். கம்சாயினி தொலைபேசியில் நேரம் வைத்தாள். மூன்று தசம் ஒன்று செக்கன். நீலத்துக்கு எத்தனை செக்கன் என்று மூவருக்கும் தெரியவில்லை.

பிறகு அவள் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லும் செயலி ஒன்று அவளிடம் இருந்தது. முதல் படத்துக்கு அது ஒலிவ் பழம் என்றது. சன்னலடியில் வைத்து எடுத்ததற்கு வண்டு என்று சொல்லி அதன் குடும்பப் பெயரையும் தந்தது. மூன்றாவதற்கு, சட்டைப் பொத்தான், பன்னிரண்டு எடுத்தால் அனுப்புக் கூலி இல்லை என்றது.

அவள் யதுர்ஷனுக்கு வட்ஸ்அப்பில் எழுதினாள். "வண்டாம்."

"மாமாவுக்கு வண்டு பரவாயில்லை," என்று பதில் வந்தது.

புதன்கிழமை வினாயகமூர்த்தி பதக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு வங்கியின் அடகுப் பிரிவுக்குப் போனார். நகை தினமும் பார்க்கிறவர்களுக்குக் கல் தெரியாமல் போகாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் இருந்தாள்.

"எவ்வளவு வேணும் ஐயா?"

"காசு வேணாம் மகள். இது என்ன கல்லெண்டு சொன்னாக் காணும்."

"கல்லை நாங்க கழிக்கிறது ஐயா. தங்கத்துக்கு மட்டும்தான் காசு."

"என்ன கல்லெண்டு பாத்துத்தானே கழிப்பீங்க?"

"எல்லாக் கல்லும் எங்களுக்குக் கழிக்கிற கல்லுத்தான்."

இது அவருக்குப் பிடித்திருந்தது.

"அதை ஒரு கடிதத்தில எழுதித் தருவீங்களா?"

அவள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். அவர் எழும்பாததைக் கண்டு, "காத்தான்குடியில இப்றாஹிம் காக்காட்டக் காட்டுங்க. அவருக்குத்தான் கல்லுத் தெரியும்," என்றாள்.

இப்றாஹிம் பேருவளையில் இருபது வருடம் கல்லுக்குப் பட்டை தீட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஊரில் எல்லாருக்கும் காக்கா, அண்ணன் முறை. கடையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, நாலு கதிரை. பதக்கத்தை விளக்கடியில் வைத்தார். வில்லையைக் கண்ணில் பொருத்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"சொல்ல ஏலா ஐயா."

"காக்கா, நீலம் இல்லையெண்டு மட்டும் சொல்லுங்க."

இப்றாஹிம் வில்லையைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"இந்தக் கதிரையில இருந்து இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அப்பிடிக் கேக்கல்ல."

"இல்லையெண்டா நல்லம்."

"பின்பக்கம் மூடின கட்டு. வெளிச்சம் உள்ளுக்குப் போகாது. போகாட்டி எல்லாக் கல்லும் கறுப்புத்தான். திறந்தாத்தான் சொல்லலாம். வீட்டில கேட்டுட்டு வாங்க. இது பொம்பிளைகளிட சாமான்."

வீட்டில் கேட்டார்.

"ஏலா," என்றார் புஸ்பம். "நூறு வருசமா மூடிக் கிடக்கு."

"அம்மா, அது இனி என்டதானே," என்றாள் கம்சாயினி. "நான் திறக்கச் சொல்றன்."

"கலியாணம் முடிஞ்சாத்தான் உன்ட."

"திறக்காட்டிக் கலியாணம் இல்ல."

"கலியாணம் இல்லாட்டி அது என்ட. நான் திறக்க விடமாட்டன்."

இது மூன்று தடவை சுற்றி வந்தது. நாலாவது தடவை கம்சாயினி சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளை இல்லை. புஸ்பம் கோப்பையைப் பார்த்தார். சுறாப் புட்டு. அவளுக்குப் பிடித்தது.

"எப்ப திறக்கிறதாம்?" என்று கேட்டார்.

சீனித்தம்பி தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சனியின் கல்லைத் திறக்கச் சனிக்கிழமை வர மாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மண்டூர்த் துறையில் மோட்டர்சைக்கிளைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து, குருமண்வெளியால் காத்தான்குடிக்கு வந்தார். மற்ற மூவரும் ஓட்டோவில் போனார்கள். கல்லடிப் பாலத்தில் வினாயகமூர்த்தி கண்ணை மூடினார். கண்ணாடியாக இருந்தால் பிள்ளையாருக்கு ஐந்து தேங்காய். யோசித்துவிட்டுப் பதினொன்றாக்கினார்.

கடையில் இப்றாஹிம் நாலு கதிரையையும் மேசையைச் சுற்றிப் போட்டிருந்தார். சீனித்தம்பி தன்னுடையதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டு இருந்தார்.

"வெளிச்சம் மறைக்குது," என்றார் இப்றாஹிம்.

சீனித்தம்பி கதிரையைக் கொஞ்சம் தள்ளினார். உள்ளுக்கு இல்லை, பக்கத்துக்கு.

இப்றாஹிம் சிறிய உளியைப் பதக்கத்தின் பின் விளிம்பில் வைத்தார். புஸ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டார். உளி மெல்ல மெல்லச் சுற்றி வந்தது. தங்கத் தகடு ஒரு மூடியைப் போல எழும்பியது. உள்ளே கரி மாதிரி ஏதோ இருந்தது. அதைச் சிமிட்டா இடுக்கியால் பிடித்து இழுத்தார். கறுத்த, மெல்லிய தகடொன்று துண்டு துண்டாக வந்தது.

"வெள்ளித் தகடு," என்றார். "கல்லு மின்னட்டும் எண்டு அந்தக் காலத்து ஆள் அடியில வெச்சிரிக்கார். தண்ணி உள்ளுக்குப் போய்க் கறுத்திட்டு. இதோட குளிச்சிரிக்காங்க."

"அம்மா கழட்ட மாட்டா," என்றார் புஸ்பம் சுவரிடம்.

இப்றாஹிம் கல்லை எடுத்து ஒரு கிண்ணத்தில் கழுவினார். பஞ்சால் துடைத்தார். வெள்ளைக் கடதாசியில் வைத்தார்.

கல் அங்கே இருக்கிறதா என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு விளக்கு அதில் பட்டது.

"மாஷா அல்லாஹ்," என்றார் இப்றாஹிம் மெதுவாக.

தண்ணீர் மாதிரி இருந்தது. நீலம் இல்லை. கறுப்பும் இல்லை. ஒரு நிறமும் இல்லை.

புஸ்பம் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்கட இல்ல."

"கல்லு அதுதான் தங்கச்சி. ஊத்தை மட்டும்தான் போயிரிக்கி."

"ஊத்தையோட சேத்துத்தான் அம்மா தந்தவ."

வினாயகமூர்த்தி வாசல் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க தம்பி. நீலமா இது?"

"வெள்ளை நிறத்திலயும் அந்தச் சாதிக் கல்லு வருமாமே," என்றார் சீனித்தம்பி.

"வரும்," என்றார் இப்றாஹிம்.

வினாயகமூர்த்தியின் சிரிப்பு நின்றது.

"இது அதில்ல. இஞ்ச வந்து பாருங்க."

சீனித்தம்பி எழுந்தார். இரண்டு அடி வந்தார். நின்றார். கம்சாயினி தன் கதிரையை விட்டு எழுந்து, "இதில இருங்க சித்தப்பா," என்றாள். அப்பாவுக்குத் தம்பி என்றால் அவளுக்குச் சித்தப்பா. அப்படி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் வந்து இருந்தார். இப்றாஹிம் வில்லையைக் கொடுத்தார்.

"மேலால பாத்து, கல்லிட அடியில இரிக்கிற பட்டைக் கோடுகளைப் பாருங்க. என்ன தெரியுது?"

"ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"ஓம்."

"எனக்குக் கண்ணில வெள்ளை படருது எண்டு டொக்டர் சொன்னவர்."

"கண்ணில்ல. கல்லுத்தான். நீலச் சாதியில ஒவ்வொரு கோடும் ஒண்டாத்தான் தெரியும். வைரத்திலயும் ஒண்டுதான். இப்பிடி ரெட்டையாக் காட்டுறது மாத்தறைக் கல்லு. மாத்தறை வைரம் எண்டு சொல்லி விப்பாங்க. வைரமில்ல."

"பெறுமதி?" என்று வினாயகமூர்த்தி ஆசையாகக் கேட்டார்.

"நீலத்தோட பாத்தா ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லையாம்," என்று அவர் மனைவிக்குச் சொன்னார். மகளுக்கும் சொன்னார்.

சீனித்தம்பி இன்னும் வில்லைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கல் அவருக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது.

"இதுக்கு எந்தக் கிரகம்?"

"அது எனக்குத் தெரியா. நான் கல்லு பாக்கிற மட்டும்தான். மேலுக்குப் பாக்கிறது நீங்க."

சீனித்தம்பி விரல்களை மடித்து எண்ணினார். ஒன்பது கிரகத்தையும் கேட்டுப் பார்ப்பது போல வாய் அசைந்தது.

"ஆருக்கும் இல்ல," என்றார் கடைசியில். "சனிக்குத் தொடர்பில்ல."

கம்சாயினி தொலைபேசியில் எழுதினாள். "சனி இல்லை." யதுர்ஷன் எங்கிருந்தாலும் தொலைபேசியைக் கையில்தான் வைத்திருந்தான். "கலியாண நாளைக் கேள், உடனே கேள்," என்று வந்தது. அவள் அப்பாவின் முழங்கையைத் தட்டினாள்.

இப்றாஹிம் தானே போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். கல்லைப் புது வெள்ளித் தகடு வைத்துக் கட்டுவதா, அடி திறந்து கட்டுவதா என்று கேட்டார்.

"பழைய மாதிரியே கட்டுங்க," என்றார் புஸ்பம்.

"பழைய மாதிரி எண்டா?"

"கறுப்பா."

"அதுக்கு நூறு வருசம் எடுக்கும் தங்கச்சி."

வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"அப்ப தம்பி, நாள்."

"ஓம் அண்ணன். ஆவணியில நல்ல முகூர்த்தம் ரெண்டு கிடக்கு. பிள்ளையிட நட்சத்திரத்துக்கு எது சரியெண்டு பாத்தாச் சரி."

அவர் சட்டைப் பையிலிருந்து கம்சாயினியின் சாதகப் பிரதியை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். பிரித்தவர் அதைப் பார்க்காமல் வினாயகமூர்த்தியைப் பார்த்தார்.

"அண்ணன், கொழும்பில இருந்து ஒருத்தன் வந்தவனெண்டு சொன்னீங்க."

"அப்பிடி ஒருத்தரும் வரல்ல தம்பி."

"இரத்தினபுரி?"

"நான் போனதே இல்ல."

"இவ்வளவு காலமாச் சொன்னது எல்லாம்?"

"சும்மா," என்றார் வினாயகமூர்த்தி. கடைசியில் ஒருத்தர் நம்பிவிட்டார். அவருக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. "முழுக்கச் சும்மா. அண்டைக்குப் போன்ல சொன்னன்தானே, நீங்கதான் நம்பல்ல."

"அது என்ட பிழை," என்றார் சீனித்தம்பி. "இப்ப நம்புறன்."

அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். சாதகத்தின் முதல் வரியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்தினார். கம்சாயினி தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். புஸ்பம் கணவரைப் பார்த்தார். கணவர் கல்லைப் பார்த்தார்.

"பிள்ளை பிறந்தது விடிய நாலு நாற்பத்திரண்டு எண்டு எழுதியிரிக்கி," என்றார் சீனித்தம்பி. "இந்த நேரத்தைச் சாத்திரியாருக்குச் சொன்னது நீங்களா அண்ணன், புஸ்பம் மச்சாளா?"